என் தோலை எடுத்து மகளுக்கு வைக்க முடியாதா?

ஒரு தாயிடமிருந்து வந்த நீண்ட கடிதம் இது. பெயர், ஊர், மருத்துவமனை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு இரண்டரை வயது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கொதிநீர்ப் பாத்திரத்தை இழுத்துவிட்டாள். மார்பின் இடப்பக்கம், தோள், மேற்கை, முழங்கையின் உள்மடிப்பு எல்லாம் வெந்துவிட்டன. உடல் பரப்பில் 9 சதவீதம் என்று மருத்துவமனையில் குறித்திருக்கிறார்கள். மறுநாள் மயக்கம் கொடுத்துக் காயத்தைச் சுத்தம் செய்து, மெல்லிய தாள் போன்ற ஒன்றை ஒட்டி, ‘இது செயற்கைத் தோல்’ என்று சொன்னார்கள். அதன்பின் நான்கு நாட்களாகக் காயத்தைத் துடைக்கவும் இல்லை, மருந்து தடவவும் இல்லை. ‘தானே ஆறிவிடும்’ என்று முதல் நாள் சொன்ன மருத்துவர், ஆறாம் நாள் ‘முழங்கை மடிப்பில் மட்டும் காயம் ஆழம், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும்’ என்கிறார். கணவரோ, முழுக்க முழுக்கச் செயற்கையான தோல் வந்துவிட்ட காலத்தில் குழந்தையின் தொடையை ஏன் அறுக்க வேண்டும் என்று கேட்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத்து கோணலாகிறது. “கவனக்குறைவு என்னுடையது. தண்டனை அவளுக்கா? என் தோலை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்து அவளுக்கு வைக்க முடியாதா? இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனைக்குப் போனோம். குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரம்தான் காட்டினேன், சளி பிடிக்கும் என்று நிறுத்தச் சொன்னார்கள். அதனால்தான் ஆழமாகிவிட்டதா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். அறுவை சிகிச்சை நாட்கணக்கில் முடிவாக வேண்டிய விஷயம், இந்தப் பக்கம் வெளிவரும்வரை அது காத்திருக்கக் கூடாது. இதே இடத்தில் நிற்கும் மற்றப் பெற்றோருக்கும் உதவும் என்று நீங்கள் சம்மதித்ததால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கடைசிப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அது மனதில் அடைத்துக்கொண்டிருக்கும்வரை மற்ற எதுவும் உள்ளே போகாது. கொதிநீரும் சூடான பானமும் கவிழ்ந்து வெந்துபோவதுதான் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மிகச் சாதாரணமாக நாங்கள் பார்க்கும் தீக்காயம். நடக்கவும் எட்டவும் கற்றுக்கொண்ட, சூடு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளாத வயது அது. குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பெரியவர் ஒருவரின் தோலை ஆழமாக வேகவைக்கச் சுமார் ஐந்து விநாடி ஆகும்; குழந்தைக்கு அதைவிடக் குறைவு. கொதிக்கும் நீருக்கு நீங்கள் திரும்பிப் பார்க்கும் நேரமே போதும்.

தண்ணீரைப் பற்றியும் நேராகவே சொல்கிறேன். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பயன் உண்டு. காயத்தை மட்டும் நனைத்து, உடலின் மற்றப் பகுதியைப் போர்த்தி வைக்க வேண்டும். பெரிய காயமுள்ள சிறு குழந்தை குளிர்ந்துவிடும் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. பனிக்கட்டி கூடாது. நீங்கள் குறைந்த நேரம் காட்டினீர்கள். இன்னும் நீண்ட நேரம் காட்டியிருந்தால் கொஞ்சம் பயன் கிடைத்திருக்கலாம். ஆனால் முழங்கை மடிப்பு ஆழமானதற்கு வேறு வலுவான காரணம் இருக்கிறது. குழந்தை வலியில் கையை மடக்கிக்கொள்ளும். மடிப்புக்குள் சிக்கிய சூடான நீர் வழிந்தோட முடியாமல் தங்கிவிடும். மார்பில் வழிந்துபோன நீர் மடிப்பில் தேங்குகிறது. வெந்நீர்க் காயங்களில் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் காட்சி இது.

ஒரே பெயர், இரண்டு வேறு பொருள்கள்

உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்குப் பாதிக் காரணம் ‘செயற்கைத் தோல்’ என்ற சொல்தான். உங்களிடம் மருத்துவர் சொன்ன செயற்கைத் தோல் ஒன்று, உங்கள் கணவர் படித்த செயற்கைத் தோல் வேறொன்று. இரண்டும் வேறு வேறு காயத்துக்கு, வேறு வேறு வேலைக்கு.

தோலில் இரண்டு அடுக்குகள். மேலே இருப்பது மிக மெல்லிய மேல்தோல். அதன் கீழே, தோலுக்கு வலுவும் இழுபடும் தன்மையும் தரும் உள்தோல். முடிக்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் உள்தோலுக்குள் வேரோடியிருக்கின்றன. அவற்றின் சுவர்களில் மேல்தோலை உண்டாக்கக்கூடிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. மேலோட்டமான காயத்தில் இந்த ஊற்றுக்கண்கள் பிழைத்திருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் செல்கள் மேலேறி வந்து பரவி, இரண்டு வாரத்துக்குள் காயத்தை மூடிவிடும். ஆழமான காயத்தில் அவை வெந்துபோயிருக்கும். அப்போது ஓரத்திலிருந்துதான் தோல் ஊர்ந்து வர வேண்டும். அதற்கு வாரக்கணக்கு ஆகும், வழியெல்லாம் தழும்பு கட்டும்.

முதல் வகைச் செயற்கைத் தோல், மேலோட்டமான காயத்துக்கான தற்காலிகக் கூரை. 1970களின் கடைசியில் உருவான பயோபிரேன் இதில் பழையது: மேலே மெல்லிய சிலிகான் படலம், கீழே நுண்ணிய நைலான் வலை, அதன்மேல் பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதப் பூச்சு. காயத்தின் ஈரம் அந்த வலையைப் பிடித்துக்கொள்ள, தாள் தோல் போலவே ஒட்டிக்கொள்கிறது. பிறகு வந்த சுப்ராதெல் என்ற தாளில் விலங்குப் பொருள் கிடையாது. லாக்டிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட பாலிமர் அது, காயத்தின் மேல் ஒளி ஊடுருவுவதாக மாறி மெல்லக் கரையும். இவை எதுவும் தோலாக மாறுவதில்லை. கீழே குழந்தையின் சொந்தத் தோல் வளரும்வரை ஈரத்தையும் சூட்டையும் காத்து, கிருமியைத் தடுத்து, நரம்பு முனைகளைக் காற்றுப்படாமல் மூடி வைக்கின்றன. அடியில் புதுத்தோல் வளர்ந்ததும் கழன்று விழுகின்றன.

இரண்டாம் வகை, உள்தோலே போய்விட்ட ஆழமான காயத்துக்கு, கட்டடம் கட்ட நிறுத்தும் சாரம் போன்றது. பாஸ்டனில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும் அயோனிஸ் யானஸ் என்ற பொறியியல் பேராசிரியரும் சேர்ந்து உருவாக்கியது முதன்மையானது. நோயாளிகளில் பயன்படுத்திய முடிவுகள் 1981இல் வெளிவந்தன. இன்டெக்ரா என்ற பெயரில் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாட்டின் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளும் சேர்ந்த பஞ்சு போன்ற அமைப்பு, மேலே சிலிகான் உறை. வெந்த திசுவை முழுவதும் அகற்றிவிட்டு இதை வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் உடலின் ரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே புகுந்து புதிய உள்தோல் போன்ற ஒன்றைக் கட்டிவிடும். உங்கள் கணவர் படித்த ‘முழுக்கச் செயற்கையானது’, அவர் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால், ஆஸ்திரேலியாவில் உருவான நோவோசார்ப் பி.டி.எம். ஆக இருக்க வேண்டும்: 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை, விலங்குப் பொருள் இல்லை, கிருமித் தொற்றையும் ஓரளவு தாங்கும். பெரிய தீக்காயங்களில் இது உயிர் காத்திருக்கிறது. அவர் தவறான பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

ஆனால் படித்ததில் ஒரு வரி அவர் கண்ணில் படாமல் போய்விட்டது. இந்த இரண்டாம் வகை உள்தோலை மட்டும்தான் கட்டித் தருகிறது. மேல்தோலை எந்தத் தாளும் நுரையும் உண்டாக்காது. மூன்று வாரமோ அதற்கு மேலோ கழித்து, மேலே உள்ள உறையை உரித்துவிட்டு, குழந்தையின் உடலிலிருந்தே மெல்லிய தோல் எடுத்து மேலே ஒட்ட வேண்டும். தொடை தப்பவில்லை; தேதி தள்ளிப் போகிறது, இரண்டாவது முறை மயக்க மருந்தும் கூடுகிறது. இந்த ஒரு வரியை மருத்துவரையே அவரிடம் நேரில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் விவாதமாகிவிடும்.

நான்கு நாட்கள் பிரிக்காமல் விட்டது கவனக்குறைவா?

இல்லை. நல்ல வைத்தியத்தின் அடையாளமே அதுதான். முன்பெல்லாம் வெள்ளி கலந்த களிம்பைத் தடவி, தினமும் கட்டைப் பிரித்து, பழைய களிம்பைத் தேய்த்துக் கழுவி, மறுபடி தடவுவோம். கட்டு மாற்றும் வண்டியின் சத்தம் வராந்தாவில் கேட்டதுமே குழந்தைகள் அழத் தொடங்குவார்கள். அந்த அழுகையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படித் தேய்க்கும்போது அன்றன்று முளைத்த இளந்தோலும் சேர்ந்து போய்விடும். 2000ஆம் ஆண்டில் குழந்தைகளின் இரண்டாம் நிலைக் காயங்களில் (உள்தோலின் ஒரு பகுதிவரை மட்டும் வெந்தவை) பயோபிரேனையும் அந்தக் களிம்பையும் ஒப்பிட்டு வெளியான ஆய்வில், தாள் ஒட்டிய குழந்தைகளுக்கு வலி குறைவு, வலி மருந்தின் தேவை குறைவு, மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைவு, காயமும் விரைவில் ஆறியது. முதல் இரண்டு நாட்களுக்குள், காயம் சுத்தமாக இருக்கும்போதே ஒட்டிவிடுவதுதான் இதன் ரகசியம். உங்கள் மருத்துவர் மறுநாளே ஒட்டியிருக்கிறார். நல்ல நேரத்தில் செய்திருக்கிறார்.

அவர்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறீர்கள். வெளிக்கட்டை விலக்கித் தாளின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தியிருப்பார்களே, கவனித்தீர்களா? தாள் தோலோடு சேர்ந்து நகர்ந்தால் ஒட்டிக்கொண்டது. தனியாக வழுக்கினாலோ, கீழே நீர்க்குமிழி போல் தளும்பினாலோ ஒட்டவில்லை. தெளிவான மஞ்சள் நீர் என்றால் ஊசி முனையால் ஒரு துளை போட்டு வடியவிட்டால் போதும். கலங்கலாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த இடத்துத் தாளை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

‘முதல் நாள் ஒன்று, ஆறாம் நாள் வேறொன்று’ என்ற உங்கள் குறைக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. வெந்நீர்க் காயம் முதல் நாளிலேயே தன் முழு ஆழத்தைக் காட்டுவதில்லை. இரண்டு மூன்று நாட்கள் போன பிறகே தெளிவாகும். அனுபவப்பட்ட கண்கூட ஆரம்பத்தில் தவறும். அதனால்தான் சில மருத்துவமனைகளில் 48 மணி நேரம் கழித்து லேசர் கருவியால் தோலின் ரத்த ஓட்டத்தை அளந்து பார்க்கிறார்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: “முழங்கையில் மட்டும் தாள் ஒட்டாமல் மேலே தூக்கிக்கொண்டு, கீழே வெளுத்துப் போயிருக்கிறது.” உயிருள்ள உள்தோலில்தான் தாள் பிடிக்கும். பிடிக்காமல் தூக்கிக்கொண்ட இடம், அடியில் பிடிக்க ஒன்றுமில்லை என்று சொல்கிறது. மருத்துவர் பேச்சை மாற்றியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காயம் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

உங்கள் தோலைப் பற்றி

எத்தனையோ தாய்மார்கள் கையை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றிருக்கிறார்கள். முடியாது என்று சொல்வது இன்றும் எனக்குச் சுலபமாக இல்லை.

உடலின் எதிர்ப்புச் சக்தி மிகக் கடுமையாக மறுக்கும் உறுப்புகளில் தோல் ஒன்று. தாயின் தோலானாலும் உடன்பிறந்தவரின் தோலானாலும், முதலில் ஒட்டிக்கொண்டதுபோல் காட்டி, இரண்டு மூன்று வாரங்களில் உதிர்ந்துவிடும். ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையர் மட்டுமே விலக்கு. இதைத் தெளிவாக்கியதே ஒரு தீக்காய நோயாளிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கிளாஸ்கோவில், தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரும் பீட்டர் மெடாவர் என்ற உயிரியலாளரும் தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோல் துண்டுகளை வைத்தார்கள். முதல் தடவை உதிர்ந்தது. இரண்டாம் தடவை வைத்தபோது இன்னும் வேகமாக உதிர்ந்தது. உடல் நினைவில் வைத்துக்கொண்டு எதிர்க்கிறது என்று புரிந்தது. 1943இல் அதை வெளியிட்டார்கள். அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிக்காக 1960இல் மெடாவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இறந்தவர்கள் தானமளித்த தோலை நாங்கள் பயன்படுத்துகிறோமே என்று கேட்கலாம். அதுவும் தற்காலிகமாக மூடி வைக்கத்தான், பெரிய காயங்களில் மட்டும். 9 சதவீதக் காயத்துக்கு அதுவும் வேண்டாம், உங்கள் தோலும் வேண்டாம். குழந்தையிடமே போதுமான தோல் இருக்கிறது.

‘செல்லை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கலாமாமே’ என்றும் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். 1983இல் உடலில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோன 5, 6 வயதுச் சகோதரர்கள் இருவரை, அவர்களிடம் எஞ்சியிருந்த சிறு தோல் துண்டிலிருந்து ஹோவர்ட் கிரீன் குழுவினர் வளர்த்த மேல்தோல் ஏடுகளால் மூடிக் காப்பாற்றினார்கள். எடுக்க இடமே இல்லாத குழந்தைக்கு அது வரம். ஆனால் வளர்ந்து வர மூன்று வாரம் ஆகும். உள்தோல் இல்லாததால் எளிதில் உரியும், கொப்புளிக்கும். தொடை முழுக்க நல்ல தோல் உள்ள குழந்தைக்கு அதைவிட அவளுடைய சொந்தத் தோல் எல்லா வகையிலும் மேல்.

முழங்கை மடிப்புக்கு இருக்கும் மூன்று வழிகள்

முதல் வழி, உங்கள் மருத்துவர் சொன்னது: வெந்த பகுதியைச் சீவி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது. ‘தொடையை அறுப்பது’ என்ற சொல்தான் உங்கள் இருவரையும் பயமுறுத்துகிறது. நடப்பது என்ன என்று கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். தச்சர் இழைப்புளியால் மரத்தில் மெல்லிய சீவல் எடுப்பதுபோல ஒரு கருவியால் எடுக்கிறோம். தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். கையில் பிடித்தால் அடியில் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும். எடுத்த இடத்தில் உள்தோலின் பெரும்பகுதி அப்படியே இருப்பதால் பத்து, பதினான்கு நாளில் தானே மூடிவிடும். முதல் சில நாட்கள் ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் வலிக்கும். அதற்கு மருந்து உண்டு, தயங்காமல் கேட்டு வாங்குங்கள். அந்த இடத்தில் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். அது மனதுக்கு ஒப்பவில்லை என்றால் தலையிலிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். குழந்தைகளுக்குத் தலைத்தோல் வேகமாக ஆறும், முடி வளர்ந்து மறைத்துவிடும். இந்தச் சிறிய இடத்துக்கு வலைபோல் கீறி விரிக்காமல் முழு ஏடாகவே ஒட்டலாம். பார்க்கவும் நன்றாக இருக்கும், சுருங்குவதும் குறைவு.

இரண்டாவது வழி, செயற்கை உள்தோலை வைத்து, வாரங்கள் கழித்து மேலே மெல்லிய தோல் ஒட்டுவது. இது தவறான வழி என்று சொல்லமாட்டேன். மூட்டு மடிப்பில் இளக்கமான தோல் கிடைக்கும் என்பதால் இதை விரும்பும் அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். தசைநாரோ எலும்போ வெளியே தெரியும் காயத்தில் நானும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பிற்காலத்தில் சுருங்கிப்போன தழும்பை விடுவிக்கும்போதும் இது நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் இங்கே காயம், விரல்களையும் சேர்த்துக் குழந்தையின் உள்ளங்கை அளவு. அதாவது உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். அதற்காக இரண்டு அறுவை, இரண்டு மயக்கம், நடுவில் மூன்று வாரத்துக்கும் மேலாக அசையாமல் காக்க வேண்டிய கை, அடியில் சீழ் பிடித்தால் மொத்தமும் வீணாகும் அபாயம். இரண்டரை வயதுக் குழந்தையை மூன்று வாரம் கையை ஆட்டாமல் வைத்திருப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் தாளை வைத்துக்கொண்டே காத்திருப்பது. கையெழுத்துப் போடாமல் நாட்களைக் கடத்தினால் உங்களை அறியாமலேயே இந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். இதைத்தான் வேண்டாம் என்கிறேன். பத்து நாளுக்குள் ஆறும் காயம் பெரும்பாலும் தடித்த தழும்பு விடுவதில்லை. மூன்று வாரம் தாண்டி ஆறினால் விடும் வாய்ப்பு மிக அதிகம். முன்பு ஒரு சிறுவன் என்னிடம் வந்தான். இதே இடம், இதே அளவு காயம். அறுவை வேண்டாம் என்று வீட்டில் காத்திருந்தார்கள். ஐந்தாம் வாரம் காயம் மூடிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். ஆறாம் மாதம் முழங்கையின் உட்புறம் கயிறு திரித்ததுபோல் ஒரு தழும்பு. கை முக்கால்வாசிதான் நீண்டது. சட்டைக்குள் கையை விடும்போதெல்லாம் அது வெடித்து ரத்தம் கசிந்தது. அன்று தவிர்த்த தோல் ஒட்டு அறுவையை, அதைவிடப் பெரிய அளவில், பிறகு நானே செய்தேன்.

ஆகவே என் எண்ணம் இது: மார்பிலும் தோளிலும் ஒட்டிக்கொண்ட தாள் தன் வேலையைச் செய்யட்டும், அங்கே கை வைக்க வேண்டாம். முழங்கை மடிப்புக்குத் தோல் ஒட்டு, தாமதமில்லாமல். குழந்தையை நேரில் பார்க்காத நான் சொல்வதைவிட, நேரில் பார்த்தவர் சொல்வதற்கே எடை அதிகம். இங்கே இருவர் கருத்தும் ஒன்றாகவே இருக்கிறது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய காயமுள்ள சிறு குழந்தைகளுக்குத்தான், அதுவும் காயம் பார்க்கச் சுத்தமாக இருக்கும்போதே, நச்சு அதிர்ச்சி நோய் என்ற ஆபத்து வரும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உமிழும் நச்சுப் பொருள் ரத்தத்தில் கலப்பதால் வருவது. பெரியவர்களுக்கு இதற்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே உருவாகியிருக்கும், சிறு குழந்தைகளுக்கு இருக்காது. பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும். 39 டிகிரி செல்சியஸும் (சுமார் 102 ஃபாரன்ஹீட்) அதற்கு மேலுமான காய்ச்சல், உடம்பில் சிவந்த தடிப்பு, வாந்தி அல்லது பேதி, பால்கூடக் குடிக்காமல் துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே காலைவரை காத்திருக்காதீர்கள். ‘தீக்காயம்பட்ட குழந்தை’ என்று வாசலிலேயே சொல்லுங்கள். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று யாரும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

காயத்தைப் பொறுத்தவரை: தாளுக்கு அடியில் கலங்கிய நீர், துர்நாற்றம், சுற்றியுள்ள நல்ல தோலில் சிவப்புப் பரவுவது, அடங்கியிருந்த வலி மறுபடி கூடுவது. ஓரம் சற்றே தூக்கினால் மட்டும் பயப்பட வேண்டாம். தாளை நீங்களே பிடித்து இழுக்கவும் வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்புதல் படிவம் மருத்துவமனையைக் காக்கும் காகிதம் என்று உங்கள் கணவர் நினைக்கிறார். அது உங்களுக்கும் உரிமை தரும் காகிதம். என்ன செய்யப்போகிறார்கள், ஏன், வேறு வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று புரியும்வரை கேட்கலாம். ஏற்கெனவே ஒட்டிய தாளின் பெயர், அது எதிலிருந்து செய்யப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பன்றி, மாடு, சுறா என்று விலங்கிலிருந்து வரும் பொருள் உங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாதென்றால், அதை முன்கூட்டியே சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இதைக் கேட்காமலே ஒட்டியிருந்தால் நாங்கள்தான் வெட்கப்பட வேண்டும். இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் அவமானமாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஆனால் ஓரிரு நாளுக்குள் கேட்டு முடித்துவிடுங்கள். காயத்தைப் படமெடுப்பது சிகிச்சைக்கு உதவும். அந்தப் படங்கள் வேறு எங்கும் காட்டப்படுவதற்குச் சம்மதமா இல்லையா என்பதைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. கட்டு மாற்றும்போது குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை உங்களிடம் தந்தால் மறுத்துவிடுங்கள். “இப்போது என்னைக் கண்டாலே அழுகிறாள்” என்று எழுதியிருந்தீர்கள், அதற்குக் காரணம் இதுதான். கட்டுக்கு முன்பே வலி மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும், பிடிக்கும் வேலை செவிலியருடையது. நீங்கள் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, காயமில்லாத கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பிடித்த கதையைச் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பிறகான வேலை நீளமானது. ஒட்டிய தோல் பிடித்த பின் கையை நீட்டிய நிலையில் வைக்க ஸ்பிளின்ட் என்ற விறைப்பான தாங்கி தருவார்கள். இரவில் அதைக் கழற்றச் சொல்லி அழுவாள், நீங்கள் அசையக் கூடாது. பிறகு தழும்பை அழுத்தி வைக்கும் இறுக்கமான உடை, நாளில் ஏறக்குறைய 23 மணி நேரம், ஓராண்டோ அதற்கு மேலோ. குளிக்கவும் தேய்த்துவிடவும் மட்டும் கழற்றலாம். அவள் வளர வளர அளவு மாற்ற வேண்டும். அரிப்பு இரவில் தூங்கவிடாது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, மருந்து இருக்கிறது, கேளுங்கள். தழும்பு உடம்போடு சேர்ந்து வளராது என்பதால், பள்ளி வயதிலும் பதின்பருவத்தில் திடீரென உயரும்போதும் முழங்கை முழுதாக நீளுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. உங்கள் கணவர் மருத்துவரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டார், முழங்கையில் ஒட்டிய தோல் பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. நேற்றுக் காலை குளிப்பாட்டித் துவட்டும்போது மார்பிலிருந்த தாளில் பாதி துண்டோடு வந்துவிட்டது, அடியில் இளஞ்சிவப்பாக, மினுமினுப்பாக இருக்கிறது, வலிக்கவில்லை என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றும் செய்ய வேண்டாம். அது அவளுடைய புதுத் தோல். தொங்கும் ஓரத்தை அடுத்த முறை போகும்போது சிறு கத்தரியால் வெட்டிவிடுவார்கள், மீதி தானாக விழும். வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தடவுங்கள். வெயில் படாமல் ஓராண்டுக்கு மூடியே வையுங்கள். இந்தச் சிவப்பு அடங்க மாதங்கள் ஆகும்.